ஈரெழுத்தும் பல பொருளும்

சொற்களைச் சுருக்கி எழுதுதல் இக்காலத்தின் இயல்பாகிவிட்டது. பத்திரிகைச் செய்தியிலும், வைத்தியரின் மருந்துச் சீட்டிலும், பாடநூலிலும், அரசாங்கச் சுற்றறிக்கையிலும் முழுச் சொற்கள் நின்ற இடங்களில் இன்று தனியெழுத்துக்கள் நிற்கின்றன. இவ்வழக்கம் வேண்டுமா, வேண்டாவா என்று வாதிடுவதிற் பயனில்லை. அது வந்து நிலைத்துவிட்டது. சுருக்கக்குறியை எங்கே ஆளலாம், எங்கே ஆளலாகாது, ஆளுமிடத்து எழுதுவோனுக்குள்ள கடமை யாது என்பனவே ஆராய்தற்குரியவை. ஆங்கிலத்திலிருந்து நம்மிடம் வந்து வழங்கும் 'எம்.எஸ்.' என்னும் ஈரெழுத்துக் குறியொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய விரும்புகிறேன்.

சுவடிகளை ஆராய்வோருக்கு எம்.எஸ். என்பது கையெழுத்துப் பிரதி. கையால் எழுதப்பெற்றது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. பிரதிகள் பலவாயின் ஈற்றெழுத்தை இரட்டித்து எம்.எஸ்.எஸ். என்பர். துறைமுகத்திலோ அதே குறி, நீராவியாலன்றி டீசல் எந்திரத்தால் இயங்கும் கப்பலைச் சுட்டும். 1912 ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து பாங்கொக் நகருக்குச் சென்ற 'செலாந்தியா', அவ்வகைப் பெருங்கப்பல்களுள் முன்னோடியானது. பொறியியலாளருக்கு எம்.எஸ். என்பது காபன் குறைந்த மெல்லுருக்கு. இரசாயன ஆய்வுகூடத்தில், மூலக்கூறுகளை அயன்களாக்கி அவற்றின் திணிவைக் கண்டறியும் முறைக்கு அது பெயர். கணினி பழகும் மாணவருக்கு அது மைக்குரோசொவ்ற் நிறுவனம். பட்டமாக வருமிடத்து, அமெரிக்காவிலே விஞ்ஞான முதுமாணியையும், நம் நாட்டிலும் இந்தியாவிலும் சத்திரசிகிச்சை முதுமாணியையும் குறிக்கும்.

பெயருக்கு முன்னே வரும்பொழுதும் இவ்வெழுத்துக்கள் ஒரு நெறிப்பட்டு நிற்பதில்லை. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்து மதுரை என்னும் ஊரையும், அடுத்தது சண்முகவடிவு என்னும் தாயாரையும் சுட்டுவன. வேளாண்மை விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனுக்கு முதலெழுத்து மங்கொம்பு என்னும் ஊர். அடுத்தது சாம்பசிவன் என்னும் தந்தையார். கிரிக்கெற் வீரர் எம்.எஸ். தோனிக்கோ ஊருமில்லை, பெற்றோருமில்லை. மகேந்திர சிங் என்னும் தம் பெயரே எழுத்தாகி நிற்கிறது. ஒருவருக்குத் தாய், ஒருவருக்குத் தந்தை, ஒருவருக்குத் தாமே. முதலெழுத்துக்களை மட்டும் மனனஞ்செய்யும் மாணவன், அவ்வெழுத்துக்களுள் அடங்கிக் கிடக்கும் ஊரையும் குடியையும் வரலாற்றையும் இழந்துவிடுகிறான். நம் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரிலே சிறுப்பிட்டியும் வைரவநாதரும் இருப்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் வியப்புக்குரியவை. தீங்கு பயப்பன அல்ல. கப்பலைச் சுவடியென்றும் சுவடியை உருக்கென்றும் மயங்குவார் எவருமிலர். ஏனெனில், ஒவ்வொரு குறியும் தன் துறையின் எல்லைக்குள்ளே வழங்குகிறது. இத்தகைய வழக்கைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டு, குழூஉக்குறி எனப் பெயரும் இட்டது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதையும் நன்னூல் கற்றோர் அறிவர். குழுவுக்குள்ளே குறி விளக்கமாகவும், குழுவுக்குப் புறத்தே மறைப்பாகவும் அமைகிறது. இன்றைய சுருக்கங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

ஆனால், ஒரே துறைக்குள் ஒரே குறிக்குப் பல பொருள் நேரும்போது நிலைமை வேறு. வைத்தியத் துறையே இதற்குத் தக்க சான்று. நரம்பியல் வைத்தியர் எம்.எஸ். என்றெழுதினால், மூளையிலும் முண்ணாணிலும் நரம்புகளைப் போர்த்திய உறை சிதையும் நோய். 1868 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சார்க்கோ என்னும் வைத்திய அறிஞர் தெளிவாக விளக்கிய நோய் அது. இருதய வைத்தியர் அதே எழுத்துக்களை எழுதினால், இருதயத்தின் இடப்புறத்து வால்வு குறுகும் நோய். முன்னையது வெப்பநாடுகளில் அரிது. பின்னையது, வாதக் காய்ச்சலின் விளைவாக, நம் பகுதியில் நன்கறியப்பட்டது.

இவற்றினும் அஞ்சத்தக்கது மருந்துகளின் பெயர். மோர்பின் சல்பேற்றும் எம்.எஸ்.; மக்னீசியம் சல்பேற்றும் எம்.எஸ். முன்னையது கடுநோவைத் தணிப்பது, அளவு மிகுந்தால் மூச்சை ஒடுக்குவது, மில்லிகிராமில் அளக்கப்படுவது. பின்னையது கர்ப்பகால வலிப்பைத் தடுக்கவும் தணிக்கவும் தரப்படுவது; கிராமில் அளக்கப்படுவது. ஒன்றுக்கு மற்றொன்று கொடுக்கப்படின் விளைவு யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வபாயத்தை உணர்ந்தே, ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தைச் சான்றுப்படுத்தும் கூட்டு ஆணைக்குழு, 2004 ஆம் ஆண்டில் எழுதலாகாக் குறிகளின் பட்டியலொன்றை வகுத்தது. எம்.எஸ். அப்பட்டியலில் இடம்பெற்றது. மோர்பினைச் சுட்ட எம் என்னும் எழுத்தோடு சல்பேற்றின் இரசாயனக் குறியை ஒட்டி எழுதும் வழக்கமும் அதனுடன் விலக்கப்பட்டது. எம் என்னும் தனிக்குறியுடைய மூலகம் இரசாயனத்தில் ஒன்றுமில்லை. சுருக்கம் சூத்திரத்தின் வேடம் புனைந்தமையே அது. இரு மருந்துகளின் பெயரையும் முழுமையாகவே எழுதவேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. ஒரு சொல்லை முழுமையாக எழுதுவதற்குச் செல்லும் நேரம் எவ்வளவு? ஓருயிரோடு ஒப்பிட்டு நிறுக்கத்தக்கதா அது?

நிற்க. தமிழில் எழுதுவோர் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு உண்டு, தமிழில் அஃதில்லை. விஞ்ஞான அலகுகளில் இவ்வேறுபாடே பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டும் சிறிய எழுத்தாயின் மில்லிசெக்கன். அஃதாவது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூறு. முதலெழுத்தைப் பெரிதாக்கினால் மெகாசெக்கன். அஃதாவது பத்து இலட்சம் செக்கன், ஏறத்தாழ பதினொன்றரை நாள். இரண்டாமெழுத்தைப் பெரிதாக்கினாலோ அது காலமே அன்று. மின் கடத்துதிறனின் அலகாகிய மில்லிசீமன். இவையெல்லாம் தமிழெழுத்திற் பெயர்க்கப்படும்போது 'எம்.எஸ்.' என ஒரே கோலத்தில் நிற்கின்றன. முன்னைய இரண்டுக்குமிடையே நூறுகோடி மடங்கு வேறுபாடுண்டு என்பதை நம் எழுத்து காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் மூன்றாய் நின்றது தமிழில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவோனுக்குக் கடமை ஒன்றாயின், தமிழில் எழுதுவோனுக்கு அது இரண்டு.

மொழிபெயர்ப்பிலும் இதனையொத்த இடர் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் பெண்களின் பெயருக்கு முன்னே இவ்விரண்டெழுத்தையும் இட்டெழுதுவர். மணமானவர், ஆகாதவர் என்னும் பேதத்தைக் காட்டாத அடைமொழி அது. 1901 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரத்துப் பத்திரிகையொன்று அதனை முன்மொழிந்தது. ஆயினும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதனை ஏற்றது 1986 ஆம் ஆண்டிலேதான். இதனைச் செல்வி என்றோ திருமதி என்றோ பெயர்க்கும் தமிழர், மூலம் எதனைக் கூறாது விட வேண்டுமென்று கருதியதோ அதனையே கூறிவிடுகின்றனர். குறியின் பொருளை மட்டுமன்றி, அது தோன்றிய காரணத்தையும் அறிந்தே பெயர்த்தல் வேண்டும்.

சுருக்கம் தமிழுக்குப் புதிதன்று என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆண்டுக்கும் மாதத்துக்கும் மேற்படிக்கும் நம் முன்னோர் தனிக்குறிகள் வைத்திருந்தனர். ஓலையிற் புள்ளியிடாது எழுதினர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தாது எழுதினர். ஆனால் அதன் விளைவு யாது? எழுதியவர் மிச்சப்படுத்திய உழைப்பைப் பதிப்பாசிரியர்கள் பன்மடங்காகச் செலவிட நேர்ந்தது. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடந் தேறப் பட்ட துன்பத்தில் ஒரு பங்கு இதனால் வந்ததே.

இம்மயக்கத்துக்குத் தொல்காப்பியர் தீர்வும் கூறிச் சென்றார். சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் பலபொருளொருசொல்லை அவர் இருவகைப்படுத்துகிறார். வினையால் பொருள் விளங்குவது ஒன்று. வினையாலும் விளங்காதது மற்றொன்று. மா பூத்தது என்றால் மரமென்பது தெளிவு. மா வீழ்ந்தது என்றாலோ மரமா, விலங்கா என்பது தெரியாது. அத்தகைய இடத்தில், தான் குறித்த பொருளைச் சொல்லுவோனே தெரித்துக் கூறல் வேண்டும் என்பது அவர் விதி. பொறுப்பைக் கேட்போன் தலையில் அவர் ஏற்றவில்லை. உய்த்துணர்ந்து கொள்க என்று விட்டுவிடவுமில்லை. இன்றைய சுருக்கக்குறிகளுக்கு இதனினும் சிறந்த விதியை நான் காணவில்லை.

எனவே, நம் ஆசிரியர்களும் பாடநூலாசிரியர்களும் பத்திரிகையாளரும் மூன்றை மேற்கொள்ளுதல் நன்றென்பது என் கருத்து. எக்குறியையும் முதன்முறை ஆளும்போது முழுப்பெயரைத் தமிழில் எழுதி, அதன் பின்னரே குறியைத் தருக. அலகுகளை அனைத்துலகக் குறியீட்டு வடிவிலேயே எழுதுக. தமிழெழுத்தில் எழுதவேண்டின் சுருக்காது எழுதுக. மருந்தைப் பற்றியோ, வாழ்வுரிமையைப் பற்றியோ எழுதுமிடத்துச் சுருக்கத்தை அறவே விலக்குக.

இதனால் பக்கங்கள் பெருகும், நேரம் வீணாகும் என்பார்க்கு ஒன்று கூறுவேன். எழுதுவோன் ஒருவன், படிப்போர் பலர். ஒருவன் ஒருமுறை செலவிடாத நேரத்தைப் பலர் பலமுறை செலவிடுதல் சிக்கனமாகாது. மேலும், குறியை அறியாத மாணவன் வாய்திறந்து கேட்பதில்லை. தன் அறியாமையென எண்ணி நாணி அடங்கிவிடுகிறான். அவ்வாறு அடங்கியவன் அப்பாடத்தினின்று சிறிது சிறிதாக விலகுகிறான். இரண்டெழுத்தை விரித்தெழுதுவதால் ஒரு மாணவனையேனும் வகுப்பின் உள்ளே இருத்திக்கொள்ள முடியுமாயின், அந்த மை வீணாயிற்றென்று கூறும் ஆசிரியர் நம்மிடையே இருக்கமாட்டார்.