சிறைக்கதவு திறந்த பின்னர்...

ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதில் சமுதாயம் காட்டும் அக்கறையில் பாதியேனும், அவர் மீண்டு வரும்போது காட்டப்படுகின்றதா? மறுவாழ்வு பற்றிப் பேசுவோரும் தொழில், கடனுதவி, தையற்பொறி ஆகியவற்றையே பெரிதும் பேசுகின்றனர். அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் அடித்தளமான ஒன்றுண்டு. உறக்கம், உணவு, மருந்து, போதை விலக்கு ஆகிய நல்ல பழக்கங்களே அது. உடல் நிலைகுலைந்தவர் தொழிலில் எங்ஙனம் நிலைப்பார்?

சிறை தந்த ஒழுங்கு

சிறைக்குள் விழிப்பதற்கும் உண்பதற்கும் அடைபடுவதற்கும் வேளை உண்டு. நோயுற்றோர்க்குச் சிறை மருத்துவமனை மருந்து தருகின்றது. மதுக்கடை எதிரே இல்லை. ஆனால் இவ்வொழுங்கு அவர் தாமே தேடிக்கொண்டதன்று, பிறர் விதித்தது. ஆதலின், கதவு திறந்த அன்றே அது கலைந்துவிடுகின்றது. எப்போது உண்பது, எங்கே உறங்குவது, யாரோடு சேர்வது என்பனவற்றையெல்லாம் ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் ஒரே நாளில் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. விதிக்கப்பட்ட ஒழுங்கு தம் சொந்தப் பழக்கமாக மாறுவதற்குக் காலமும் துணையும் வேண்டும்.

முதல் இரு வாரங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. விடுதலைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அம்மாநில மக்களில் ஏனையோரைக் காட்டிலும் 12.7 மடங்கு என்று அது கண்டது. அளவுக்கு மீறிய போதைப்பொருளே இறப்புக்கு முதற் காரணமாக இருந்தது. நெடுநாள் விலகியிருந்த உடல், முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்குவதில்லை.

அந்நாட்டு நிலை வேறு, நம் நாட்டு நிலை வேறு என்பது உண்மையே. ஆயினும் உடலின் இயல்பு எங்கும் ஒன்றுதான். விடுதலையைக் கொண்டாட நண்பர்கள் நீட்டும் மதுக்கோப்பை நட்பின் அடையாளம் அன்று, தீங்கின் தொடக்கமே.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் இடையறாது மருந்துண்ண வேண்டும். இடையில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும், வீட்டாருக்கும் பரவக்கூடும். சிறையில் தொடங்கிய சிகிச்சை வெளியிலும் தொடர வேண்டும் என்பதை, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் வலியுறுத்துகின்றன.

குற்றவாளிக்கு ஏன் இச்சலுகை?

இவ்வாறு வினவுவோர் உளர். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 இலட்சம் பேரில் 4.34 இலட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, அவ்வழக்குகளில் தீர்ப்புப் பெறாதவர்கள். தண்டனைக் கைதியின் விடுதலை நாளேனும் முன்னரே தெரியும். பிணையில் செல்வோரின் நாளோ, நீதிமன்ற ஆணை வந்த பின்னரே தெரியும். மருந்துச் சீட்டு எழுதவும் நேரமின்றி அவர்கள் வெளியேற நேரிடுகின்றது. இனி, தண்டனை பெற்றவரே ஆயினும், நீதிமன்றம் விதித்தது சிறைவாசத்தையே, நோயை அன்று.

நாம் செய்யத்தக்கன

பிணையில் செல்வோர் உட்பட வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் மருத்துவக் குறிப்பும், சில வாரங்களுக்கான மருந்தும் தரப்பட வேண்டும். இஃது அரசின் கடமை.

குடும்பத்தார் செய்ய வேண்டுவது பெரும் விருந்தன்று. வேளை தவறாத எளிய உணவும், அமைதியான உறக்கத்துக்கு இடமுமே. ஓயாத கண்காணிப்பு மற்றொரு சிறையாகிவிடும்; அன்பான விசாரிப்பே போதும்.

ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்தாரும் வழிகாட்ட இயலும். 2021இல் தமிழகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்துகளை இல்லத்துக்கே கொண்டுவருகின்றது. காசநோயாளரின் ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. அது வங்கிக் கணக்கில் சேர்வது. கணக்கும் அடையாள அட்டையும் இல்லாதவர்க்கு இவை எட்டாக் கனிகள். அவற்றைப் பெற்றுத்தருவது பேருதவியாகும்.

மாணவச் செல்வங்களே! நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே ஒருவரை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்வதும், மாலையில் உங்கள் பந்தாட்டத்தில் சேர்த்துக்கொள்வதும் உங்களால் இயலும்.

தெருவில் எதிர்ப்படும்போது முகம் திருப்பாமல், “உண்டீர்களா? மருந்து எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்கும் நான்கு பேர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார்களாயின், மீண்டு வந்தோர் பலர் மீண்டும் வீழமாட்டார்கள். அந்நால்வருள் நாமும் ஒருவராவோமாக!