ஆபீஸ் ஐபிஎல் பூல்: காசு கட்டாமலே சூடு பிடிக்க 3 ஃபார்மெட்

ஐபிஎல் நெருங்கினாலே எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்களில் புதுசா ஒரு வாட்ஸ்அப் க்ரூப் முளைக்கும். "தலைக்கு 500 ரூபாய், யுபிஐ பண்ணிடுங்க." 74 மேட்ச், ஒவ்வொன்றிலும் யார் ஜெயிப்பார் என்று கணிக்க வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மொத்தப் பணமும்.

இதில் இரண்டு சிக்கல். மூன்றாவது வாரத்திலேயே பின்தங்கியவர்கள் ஆர்வம் இழந்துவிடுவார்கள். அதைவிடப் பெரியது: பணம் யார் அக்கவுன்ட்டுக்குப் போகிறதோ, மாட்டினால் அவர்தான் மாட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேற்றியது. காசு கட்டி, காசு ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதமே இதில் எடுபடாது. டிரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது இதனால்தான். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

ஆபீஸ் க்ரூப்பைக் குறிவைத்து எழுதிய சட்டம் அல்ல இது. ஆனால் வரையறை ரொம்ப அகலம். கூகுள் ஃபார்ம், யுபிஐ என்று நடத்தும் அட்மின், "நான் சும்மா கணக்குத்தான் பார்த்தேன்" என்று தப்பிக்க முடியும் என நம்பி இருக்க வேண்டாம்.

சரி, கையில் கேஷாக வாங்கினால்? 1963-ம் ஆண்டு கர்நாடக போலீஸ் சட்டம் பந்தயம் கட்டுவதையும் சூதாட்டமாகத்தான் பார்க்கிறது. போதாக்குறைக்கு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. ஜெயித்த பணத்தை ஒருவர் தராவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது.

காசு இல்லாவிட்டால் சுவாரசியம் போய்விடுமா?

அமெரிக்க க்ளையன்ட்டோடு வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் மேட்னஸ் தெரிந்திருக்கும். கல்லூரி கூடைப்பந்துத் தொடர். 64 அணி, 63 ஆட்டம், எல்லா முடிவையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும். மொத்த சாத்தியங்கள் 92-க்குப் பின்னால் 17 சைபர் போட்டால் வரும் எண்ணைத் தாண்டும். 2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதே பெரிய செய்தி. ஒரு ஆட்டம் தப்பினாலே கணிப்பு சிதறிவிடுவதால், கடைசி வரை எல்லாரையும் ஆட்டத்தில் வைத்திருக்க அங்கே வேறு வேறு ஃபார்மெட்களும் உண்டு. அதில் மூன்று ஐபிஎல்லுக்கும் பொருந்தும்.

1. சர்வைவர்: வாரம் ஒரு அணியைச் சொல்லுங்கள். அது தோற்றால் நீங்கள் அவுட். ஒரு முறை சொன்ன அணியை மறுபடி சொல்லக் கூடாது. பலமான அணியை முதல் வாரமே செலவழிக்காதீர்கள். அட்டவணையைப் பார்த்து, பலவீனமான அணியோடு மோதும் வாரத்துக்கு வைத்திருங்கள். ஆளுக்கு இரண்டு உயிர் கொடுத்தால் கூட்டம் சீக்கிரம் கலையாது.

2. கான்ஃபிடன்ஸ்: சீசனுக்கு முன் 10 அணிகளுக்கும் 10 முதல் 1 வரை மதிப்பு கொடுங்கள். அணியின் லீக் வெற்றிகளை அந்த மதிப்பால் பெருக்கினால் உங்கள் புள்ளி. 2025-ல் சிஎஸ்கேவுக்கு 10 போட்டிருந்தால் 4 வெற்றிக்கு 40. ஆர்சிபிக்கு 10 போட்டிருந்தால் 9 வெற்றிக்கு 90. பாசத்துக்கு விலை 50 புள்ளி!

3. ஏலம்: அமெரிக்காவில் இதற்குப் பெயரே 'கல்கத்தா'. ஆளுக்கு 100 கற்பனைப் புள்ளி. அணிகளை ஏலம் எடுக்க வேண்டும். நம்ம ஏலச்சீட்டு மாதிரிதான், அவசரப்பட்டவர் நஷ்டப்படுவார். ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் தமிழ் நண்பர்கள் நிறைந்த டீமில் சிஎஸ்கே விலை கண்டிப்பாக எகிறும். அவர்கள் புள்ளியைக் கரைக்கட்டும். நீங்கள் மலிவாகப் போகும் நல்ல அணியைப் பிடியுங்கள்.

ஜெயிக்க ஒரே சூத்திரம்?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கூட்டம் போகாத பக்கம் பாருங்கள். 20 பேரில் 15 பேர் ஆர்சிபி சாம்பியன் என்றால், அது நடந்தாலும் நீங்கள் 15-ல் ஒருவர். பஞ்சாப் 2024-ல் 9-ம் இடம். 2025-ல் புள்ளிப் பட்டியலில் முதலிடம். அப்படி ஒரு அணியை முன்பே பிடித்தவர்தான் தனியாக முன்னே போவார். அதற்காக வாய்ப்பே இல்லாத அணியை வீம்புக்குப் பிடிக்கவும் வேண்டாம்.

பரிசு? நுழைவுக் கட்டணம் வேண்டாம். ஜெயித்தவர் மேசையில் அடுத்த சீசன் வரை ஒரு சுழற்கோப்பை. கடைசி இடம் பிடித்தவர் ஒரு வாரம் எதிரணி ஜெர்சியில் ஆபீஸ் வரட்டும். சிஎஸ்கே ரசிகரை ஆர்சிபி ஜெர்சியில் கேன்டீன் வரிசையில் பார்ப்பதற்கு 500 ரூபாய் ஈடாகுமா என்ன?