படகு வாடகையில் பேரம் பேச முன்னர்



பெருநாள் லீவில் கற்பிட்டிக் களப்பில் படகுப் பயணம் போகாத குடும்பம் இப்போது எங்கள் பக்கத்தில் குறைவு. கண்டல் காட்டைச் சுற்றிப் பார்த்து, தீவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. நல்ல விசயம்தான். போன முறை நாங்கள் பதினொரு பேர், அதில் ஐந்து பிள்ளைகள். நடுக்களப்பில் எஞ்சின் நின்று முக்கால் மணித்தியாலம் மிதந்தோம். பின்னேரக் காற்று எழும்பியிருந்தது. சின்ன மகள் ஸலவாத்து ஓதத் தொடங்கிவிட்டாள். கடைசியில் மீன்பிடிப் போட் ஒன்று கட்டியிழுத்துக் கரை சேர்த்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஓட்டி வந்த தம்பி பெற்றோலைக் குறை சொன்னார். கவரைத் திறந்து பார்த்த மீன்பிடி நானா சொன்னது வேறு: எஞ்சின் கொதித்திருக்கிறது. இந்த எஞ்சின்களுக்கு வாகனத்தில் உள்ளது போல ரேடியேட்டர் கிடையாது. களப்புத் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்கின்றன. உறிஞ்சுவது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் இம்பெல்லர். எங்கள் களப்போ ஆழம் குறைந்தது. மணல், கடற்புல், பொலித்தீன் எல்லாம் உண்டு. மணல் ரப்பரைத் தேய்க்கும், புல் தண்ணீர் வாயை அடைக்கும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிடாவிட்டால் உப்பு உள்ளே படிந்து வழியை மூடும்.

எஞ்சின் ஓடும்போது அதன் பின்பக்கம் மெல்லிய தண்ணீர்த் தாரை பீய்ச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். அன்று பீய்ச்சியதா என்று பதினொரு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் நானும்தான்.

ஓட்டிகளின் தலையில் மட்டும் பழியைப் போடுவது அநியாயம். ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் பேரம் பேசியது நாங்கள். குறைத்தவர் எதில் மிச்சம் பிடிப்பார்? எட்டுப் பேர் படகில் பதினொரு பேர் ஏறியதும் எங்கள் பிடிவாதமே. ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைத்துவிட்டு ஏறினோம். ஓட்டி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கென்று ஒரு கயிறு இருக்கிறது. அது அவர் கையில் மாட்டியிருக்க வேண்டும். அன்று எஞ்சினிலேயே சுற்றிக் கிடந்தது. ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு சின்ன லைஃப் ஜக்கெட். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தபோது நாம் பேசாத பேச்சா? அது எஞ்சின் கோளாறு அல்ல, வேறு விபத்து. ஆனால் தண்ணீர் ஒன்றுதான்.

தரம் 9 பிள்ளைகள் தங்களையும் களப்புக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். காற்றுக்கு முந்தி, காலை ஏழு மணிக்கு. படகுக்கு எட்டுப் பேர்தான். தண்ணீர் பீய்ச்சாத எஞ்சின் என்றால் ஏற்ற மாட்டேன். வாடகை கூடும். பெற்றோருக்குச் சம்மதமா என்று கீழே எழுதுங்கள்.