அலமாரிக்குப் பூட்டு — அறிவுக்குமா?

அண்மையில் ஒரு மாலை, பட்டறையில் பிட்டராக வேலை பார்க்கும் தோழர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன், சுவரோரம் அமர்ந்து உரக்கப் பாடம் படித்துக் கொண்டிருந்தான். "வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மில்லி மீட்டர்" — ஒரு முறையல்ல, இரு முறையல்ல, கேட்பவர் காது அலுத்துப் போகும் அளவுக்கு!

"தம்பி, அந்தக் கருவியைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"படத்திலே பார்த்திருக்கிறேன்."

"பள்ளியில் இல்லையா?"

"இருக்கிறது. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்."

அவன் தலைக்கு மேலே, ஆணியிலே தொங்கிக் கொண்டிருந்தது தகப்பனாரின் கருவிப் பை. அந்தப் பைக்குள்ளே கிடந்தது வெர்னியர்!

தோழர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பையன் தன் பேனாவை அளந்தான்; அளந்துவிட்டு விழித்தான். புத்தகத்துப் படத்திலே பத்துக் கோடு. கையிலிருக்கும் கருவியிலோ ஐம்பது கோடு! "எதுப்பா சரி?" என்றான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்தத் தொழிலாளி சொன்னார்: "ரெண்டும் சரிதான். புத்தகத்திலே இருக்கிறது 9 மில்லி மீட்டரைப் பத்தாப் பங்கு போட்டது. ஒரு பங்குக்கு 0.1 குறையும். இது 49 மில்லி மீட்டரை ஐம்பதாப் பங்கு போட்டது. ஒரு பங்குக்கு 0.02 குறையும். அந்தக் குறைதான்டா அளவு!"

மூன்று நாளாக மண்டையில் ஏறாத பாடம், கால் மணி நேரத்திலே கைக்குள் வந்துவிட்டது.

அன்றிரவு முழுவதும் என் நெஞ்சைக் குடைந்தது அந்த அலமாரி. கருவி இருக்கிறது, பிள்ளை இருக்கிறான், இரண்டுக்கும் நடுவே ஒரு பூட்டு! யார் போட்ட பூட்டு?

உடனே ஆசிரியர் மீது பாய்ந்துவிட வேண்டாம், தோழர்களே! அந்த அலமாரிக்குள் ஒரு பதிவேடும் இருக்கிறது. இருப்புப் பதிவேடு என்பது அதன் பெயர். குடுவை எத்தனை, லென்ஸ் எத்தனை, தராசு எத்தனை என்று எழுதப்பட்டிருக்கும். எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எடுபடாவிட்டால் கைக்காசு போகுமோ என்ற அச்சம் வேறு. பிள்ளை கையில் கொடுத்தால் உடையும். பூட்டி வைத்தால் உடையாது. உடைந்த குடுவைக்கு விளக்கம் கேட்கிறார்கள். அதைத் தொடாமலே பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியரும் ஒரு காலத்தில் அதே போன்ற அலமாரிக்கு முன்னால் நின்ற பிள்ளைதான். தம் கையால் செய்து பார்க்காத சோதனையை நாற்பது பிள்ளைகள் முன்னால் செய்யத் தயங்குகிறார். தவறிப் போனால் சிரிப்பார்களே என்ற கூச்சம். மனிதர்தானே!

காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரோபோ வகுப்பு உண்டு. விடுமுறை முகாம் உண்டு. பிறந்த நாளுக்குத் தொலைநோக்கியும் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு? உப்பு கரைவதைத் திரையிலே படமாகக் காட்டுகிறார்கள். வெல்லம் இனிக்கும் என்று பலகையில் எழுதிக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 நவம்பர் 28-ல் திருச்சி காட்டூரில் தொடங்கி வைக்கப்பட்டது வானவில் மன்றம். "எங்கும் அறிவியல், யாவும் கணிதம்" என்பது அதன் முழக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம், கருத்தாளர்கள் பொருள்களோடு வந்து சோதனை செய்து காட்டும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. வரவேற்கிறோம். ஆனால் கணக்குப் பாருங்கள்! தொடக்கத்தில் சொன்ன கணக்குப்படி பள்ளிகள் 13,210, கருத்தாளர்கள் 710. ஒருவர் தலையில் பதினெட்டுப் பள்ளிக்கு மேல்! மாதத்தில் பள்ளி நடப்பது இருபது, இருபத்திரண்டு நாள். ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. மீதி நாளெல்லாம் அந்தப் பள்ளியின் ஆசிரியர் கையிலேதான் இருக்கிறது. அந்தக் கைக்குத் துணிவு வராமல் எந்த மன்றமும் வகுப்பறையை மாற்றிவிடாது.

அந்தத் துணிவு எப்படி வரும்? மத்தியப் பிரதேசத்திலே செய்து காட்டியிருக்கிறார்கள். ஓஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ல், வெறும் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. மலிவான பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டி. நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்வார்கள். தேர்விலே புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொள்ளலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆசிரியர்களுக்கு அவர்கள் செய்தது. பயிற்சி தந்ததோடு விட்டுவிடவில்லை. மாதந்தோறும் கூடி, "இந்தச் சோதனை எனக்கு வரவில்லை" என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்ள ஓர் இடம் கொடுத்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவிற்று. முப்பது ஆண்டு நடந்த அந்தப் பணி 2002-ல் அரசின் ஓர் ஆணையால் நின்று போயிற்று. முப்பது ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு தாள்! ஆகவேதான் சொல்கிறேன், மேலிருந்து வரும் என்று மட்டுமே காத்திராதீர்கள்.

நம் பக்கத்திலும் ஆளில்லாமல் போகவில்லை. 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-ல் "துளிர்" என்ற ஏட்டைப் பிள்ளைகளுக்கென்றே தமிழில் தொடங்கியது. 1993-ல் நாடு தழுவித் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, ஊர்க் கிணற்று நீரையும் தெருக் குப்பையையும் ஆராய்ச்சிப் பொருளாக்கிற்று. தாய்மொழியிலே பேசி, தன் ஊரையே ஆராய்ந்து சொன்ன பிள்ளைகளைக் கண்டோம். இவையெல்லாம் நம் கிளைத் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லண்டனில் ஒரு கொல்லன் மகன் இருந்தான். பிறந்த ஆண்டு 1791. பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். புத்தகக் கட்டடக் கடையில் பயிற்சி வேலை. டேட்டம் என்பவர் தம் வீட்டிலே மாலை வேளையில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். பயிற்சிப் பையனிடம் ஷில்லிங் ஏது? கொல்லுலையில் உழைத்த அண்ணன் கொடுத்தான் அந்தக் காசை! தம்பி கேட்டான், குறிப்பெடுத்தான், கடை அடுப்படியிலே சோதனை செய்தான். அவன்தான் மைக்கேல் பாரடே! காந்தத்தை அசைத்தால் கம்பியிலே மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் கண்டவன். கோவையிலே ஓடும் பம்புசெட்டு மோட்டாரும், உங்கள் பழைய சைக்கிள் டைனமோவும் அவன் வழியில் வந்தவை. பேர் பெற்ற பின்பு, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் தொடங்கிய பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவனே பல ஆண்டு பேசினான். அண்ணன் கொடுத்த ஷில்லிங்கை அவன் மறக்கவில்லை என்றே நான் எண்ணிக் கொள்கிறேன்.

அந்த அண்ணன் இன்று நீங்கள்தான், தோழர்களே!

நம் படிப்பகங்களிலே பத்திரிகை இருக்கிறது, கேரம் பலகை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி பெஞ்சும் இருக்கிறது. அங்கே பக்கத்துப் பள்ளி ஆசிரியரை அழையுங்கள். மேடையும் மாலையும் வேண்டாம், தேநீர் போதும். வயர்மேன் தோழர் ஒரு டைனமோவைப் பிரித்துக் காட்டட்டும். சாயப்பட்டறைத் தோழர், துணியில் சாயம் ஏன் நிற்கிறது என்று சொல்லட்டும். கொத்தனார், மூலைமட்டம் பிடிக்க 3, 4, 5 என்று நூல் கட்டுகிறாரே, அதைப் பிள்ளைகள் முன்னால் கட்டிக் காட்டட்டும். அதுதான் பித்தகோரஸ் தேற்றம் என்று ஆசிரியர் விளக்கட்டும். கை தெரிந்தவரும் ஏடு தெரிந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் இருவருக்கும் ஆதாயம். ஆசிரியரின் கூச்சமும் அங்கேதான் கரையும்.

அடுத்தது பூட்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கே தந்திருக்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு உங்களில் எத்தனை பேர் போகிறீர்கள்? உங்கள் துணைவியார் போனால், "எனக்கென்ன தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறாரா? போங்கள்! போய், ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். பாடம் நடத்தும்போது உடைந்த குடுவைக்கு ஆசிரியர் பொறுப்பல்ல, அதைக் குழுவே கழித்து எழுதப் பரிந்துரைக்கும் என்று எழுதி வையுங்கள். "வாரம் எத்தனை முறை அலமாரி திறந்தது?" என்ற கேள்வியைக் கூட்டந்தோறும் கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம். ஆசிரியருக்குத் துணையாக நின்று கேளுங்கள்.

வட ஆர்க்காட்டுப் பகுதித் தோழர்களுக்கு மட்டும் தனியே ஒரு சொல். ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. அந்த ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது வெளிநாட்டான் அல்லன். பெங்களூரில் நம் நாட்டுப் பட்டறையிலே, நம்மவர் கைகள்! சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குச் சிறு தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. முன்கூட்டியே விசாரித்துக் கொண்டு, மாநாட்டுக்கு வேன் பிடிக்கிறோமே அதுபோல் ஒரு வேன் பிடித்து, பிள்ளைகளையும் ஆசிரியரையும் ஏற்றிச் செல்லுங்கள். மழைக் காலம் வேண்டாம், மேகம் மறைத்துவிடும். மலையிலே இரவு குளிரும். போர்வை எடுத்துப் போங்கள்.

பிட்டர் தோழர் வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வர ஒப்புக் கொண்டிருக்கிறார். "கூட்டத்தில் பேசத் தெரியாதே, அண்ணே" என்றார். பேச வேண்டாம், வெர்னியரை எடுத்து வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.