வணிகவியலா, பொருளியலா: பலமனேரில் இக்கேள்விக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணிதம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் பலமனேரின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. எம்.பி.சி.யும் பை.பி.சி.யும் வேண்டாம் என்று முடிவு செய்த பிள்ளை, அல்லது அம்மதிப்பெண் வராத பிள்ளை, வணிகவியல் எடுக்க வேண்டுமா, பொருளியல் எடுக்க வேண்டுமா? குடியாத்தத்திலோ வேலூரிலோ இருக்கும் மாமா ஒன்று சொல்வார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காள் மகன் வேறொன்று சொல்வான். இருவருமே தாம் படித்த பாடத்திட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஆந்திரத்தின் இன்டர்மீடியட் கல்வியிலோ இக்கேள்விக்கு இடமே இல்லை.

காரணம் எளியது. சி.இ.சி. என்பது குடிமையியல், பொருளியல், வணிகவியல். எச்.இ.சி. என்பது வரலாறு, பொருளியல், குடிமையியல். எம்.இ.சி. என்பது கணிதம், பொருளியல், வணிகவியல். மூன்றிலும் நடுவெழுத்து ஒன்றே. இம்மூன்றில் எதை எடுத்தாலும் பொருளியல் தானாகவே வந்து சேரும். ஆகவே சி.இ.சி.க்கும் எச்.இ.சி.க்கும் இடையே மாணவர் தேர்ந்தெடுப்பது வணிகவியலையோ வரலாற்றையோதான். சி.இ.சி.க்கும் எம்.இ.சி.க்கும் இடையே தேர்ந்தெடுப்பது குடிமையியலையோ கணிதத்தையோதான். இவ்விரண்டாவது தேர்வைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. பிள்ளையின் பிற்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே.

அதற்கு முன், இரு பாடங்களும் ஒரே பொருளை எப்படி வெவ்வேறாகப் பார்க்கின்றன என்பதைச் சித்தூர் மாவட்டத்தின் மாம்பழத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தது. தமிழில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் அதே பழந்தான். உழவருக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு தீர்மானித்தது: மாங்கூழ் ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும். உடன் நிகழ்வாக, வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

வணிகவியல் மாணவர் இங்கே ஆலையின் கணக்கேட்டைத் திறக்கிறார். பழம் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் உழவர் அந்த ஏட்டில் கடனீந்தோர். அரசு தரும் 4 ரூபாய் ஆலையின் ஏட்டுக்குள் வருமா, வராதா? விற்காமல் கிடங்கில் நிற்கும் கூழை அடக்க விலைக்கு மதிப்பிடுவதா, விற்றால் கிடைக்கும் விலைக்கா? இரண்டில் எது குறைவோ அதற்கு என்பது கணக்குப்பதிவின் விதி. உழவர் படும் துயரத்தில் பாதி இவ்வேட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் மிகச் சிலரே.

பொருளியல் மாணவர் வேறிடத்தில் நின்று பார்க்கிறார். விலைக்கு ஓரிடத்தில் தரை போட்டால், தரை இல்லாத இடத்துச் சரக்கு அங்கே பாயும். அதனால்தான் எல்லையை அடைக்க வேண்டியதாயிற்று. அடைத்ததும் அந்தச் சுமை கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் உழவர் தலையில் இறங்கியது. தக்காளியும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. 2023 ஜூலையில் மதனப்பள்ளி மண்டியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்ற தக்காளி, வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது. சென்ற பருவத்தின் விலையைப் பார்த்து எல்லாரும் நடுகிறார்கள், விளைந்து வரும்போது விலை விழுகிறது, அடுத்த முறை எல்லாரும் கைவிடுகிறார்கள், விலை ஏறுகிறது. இச்சுழற்சியை வரைபடமாக இட்டால் சிலந்திவலை போலத் தோன்றும். நிக்கலஸ் கால்டர் 1934இல் இதற்கு அப்பெயரையே சூட்டினார். பலமனேர்ப் பிள்ளைக்கு இவ்வலை புதிதன்று, படம்தான் புதிது.

(மொழி பற்றி ஒரு சொல். தமிழில் பொருள் என்றால் செல்வம். சொல்லின் பொருளும் அதுவே. தெலுங்கில் பொருளியலை அர்த்தசாஸ்திரம் என்கிறார்கள். அங்கும் அர்த்தம் என்றால் இவ்விரண்டும்தான். வீட்டில் தமிழும் வகுப்பில் தெலுங்கும் பேசும் பிள்ளைக்கு இப்பாடத்தின் பெயர் இரு மொழிகளிலும் ஒரே இரட்டைப் பொருளோடு வருகிறது. வேறெந்தப் பாடத்துக்கு இந்த வாய்ப்பு உண்டு?)

இப்போது கணிதத்துக்கு வருவோம். இன்டர்மீடியட் வகுப்பில் பொருளியலைச் சொற்களாலும் சில வளைகோடுகளாலும் கற்றுவிடலாம். பட்டப்படிப்பில் அது முடியாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலில் சேர நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் எழுதியே ஆக வேண்டும். முதுகலையில் நுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் ஒரு பருவத்தைக் கூடக் கடக்க இயலாது. இரண்டாண்டு பொருளியல் படித்த சி.இ.சி. மாணவர் இக்கதவின் முன் நிறுத்தப்படுகிறார். ஒரு நாளும் பொருளியல் படிக்காத எம்.பி.சி. மாணவர் உள்ளே போகிறார். இம்முரண் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாராலும் சொல்லப்படுவதில்லை.

இந்திய ரிசர்வ் வங்கியில் 2003 முதல் 2016 வரை அடுத்தடுத்து ஆளுநராக இருந்த மூவரைப் பார்க்கலாம். ஒய்.வி. ரெட்டி கடப்பை மாவட்டத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலை பயின்றவர். துவ்வூரி சுப்பாராவும் ஆந்திரர். முதலில் இயற்பியல் பயின்றவர். ரகுராம் ராஜன் டெல்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்றவர். பின்னிருவரும் கணிதத்தின் வழியே பொருளியலுக்குள் வந்தவர்கள். எதிர்த் திசையில், கணிதமின்றித் தொடங்கிப் பிறகு அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் மிக அரிது.

வணிகவியலை இதனால் தாழ்த்த வேண்டியதில்லை. இருபத்தொரு வயதில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் சி.இ.சி.யும் பி.காமும் நேர்மையான பாதை, ஜி.எஸ்.டி. கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு நெடுஞ்சாலை ஊர் எதிலும் வேலை உண்டு. ஆனால் வணிகவியல் வணிகம் செய்யக் கற்றுத்தரும் என்ற நம்பிக்கை பிழையானது. மண்டியில் ஏலம் விடுபவர் எந்த வகுப்பிலும் அதைக் கற்கவில்லை. பட்டயக் கணக்காளர் ஆகலாம் என்று வணிகவியலை எடுப்போரும் ஒன்றை அறிய வேண்டும்: அதன் அடிப்படைத் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகப் பொருளியல், இன்னொன்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ளன. கணக்கு வராது என்று சி.இ.சி.க்கு வந்த பிள்ளையை அங்கேயும் கணக்கே வரவேற்கிறது.

எச்.இ.சி.யைத் தேர்வோரை ஊர் ஏளனமாகப் பார்க்கிறது. அரசுப் பணித் தேர்வுகளை எண்ணியிருப்பவருக்கு வரலாறும் குடிமையியலும் நல்ல முதலீடு. இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

உண்மையான குறை கல்லூரிகளில் இருக்கிறது. எம்.இ.சி. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அது இல்லாத ஊரில் கணிதமும் பொருளியலும் சேர்த்துப் படிக்க விரும்பும் பெண்பிள்ளைக்குத் திருப்பதியிலோ வேறு நகரத்திலோ விடுதி பார்க்க வேண்டும். பல வீடுகளில் பேச்சு அவ்விடத்திலேயே முடிந்துவிடும். குடியாத்தம் பக்கம் போனால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பிரிவு உண்டு. எனினும் எல்லை கடப்பது இட ஒதுக்கீடு, இருப்பிடச் சான்று ஆகியவற்றில் பிற்காலச் சிக்கலைக் கொண்டுவரும், அவசரத்தில் செய்யத்தக்கதன்று.

ஊரை விட்டுப் போக முடியாத பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மேல்நிலைக் கணிதத்தைத் தனிப் பாடமாக எழுதலாம். சேர விரும்பும் பல்கலைக்கழகம் அம்மதிப்பெண்ணை ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூனில் தோத்தாபுரியும் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். பெற்றோர் பலருக்கு அவ்வாரங்களில் மூச்சுவிட நேரமிராது. விண்ணப்பப் படிவத்தைப் பிள்ளையே நிரப்புகிறது. குரூப் என்னும் கட்டத்தில் மூன்றெழுத்தை எழுதுமுன், முதலெழுத்து எம் ஆக இருக்க முடியுமா என்று அலுவலகச் சன்னலில் ஒரு முறை கேட்கட்டும்.