சோளக்கதிரைத் தோலோடு சுடுங்கள்!



சுட்ட சோளக்கதிரைத் தின்னாதவர்கள் உங்களில் அநேகமாக யாரும் இருக்கமாட்டீர்கள். சென்னை மெரினா கடற்கரையானாலும் சரி, எங்கள் நெய்வேலி நகரியத்தின் கடைத்தெருவானாலும் சரி, தள்ளுவண்டியில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு கையால் விசிறியபடி, மறு கையால் கதிரைத் திருப்பிக்கொண்டிருக்கும் வியாபாரியைக் காணலாம். அவர் கதிரின் பச்சைத் தோலை முழுவதும் உரித்துவிட்டு, மணிகளை நேரே தணலில் காட்டுவார். மணிகள் பட்பட்டென்று வெடிக்கும். ஆங்காங்கே கறுத்ததும், எலுமிச்சை மூடியில் உப்பையும் மிளகாய்த்தூளையும் தொட்டு மேலே தேய்த்துக் கொடுப்பார். (தெருவில் சோளக்கதிர் என்று சொன்னாலும் இது மக்காச்சோளமே, நம் பழைய வெள்ளைச் சோளம் அன்று.)

நான் இங்கே சொல்ல வருவது இதுதான்: வீட்டில் நீங்கள் கதிர் சுடும்போது தோலை உரிக்காதீர்கள். பச்சைத் தோலோடு அப்படியே தணலின் மேல் போடுங்கள். சமையல் குறிப்பு எழுத இந்தப் பேராசிரியருக்கு என்ன வேலை என்று நினைக்கவேண்டாம். வெப்பவியல் பாடத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று ஒன்றைப் படிக்கிறீர்கள். கல்லூரிக்கு வந்து சேரும் மாணவர்களிடம் அதைக் கேட்டால் இலக்கணம் தடையின்றி வருகிறது. 'வெப்பநிலை மாறாமல் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏற்கும் வெப்பம்' என்கிறார்கள். எவ்வளவு என்றால் '540 கலோரி' என்கிறார்கள். சரி, அந்த 540 கலோரி எங்கே போயிற்று, திரும்பி வருமா என்று கேட்டால் வகுப்பில் அமைதி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரு கதிருக்குள் இருக்கிறது.

தோல் என்று நாம் சொல்வது உண்மையில் இலைகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இலைகள் கதிரை இறுகச் சுற்றியிருக்கின்றன. புதிதாகப் பறித்த கதிரில் இந்த இலைகளிலும் நீர் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் இளமணிகளிலோ எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. இதைத் தணலில் போட்டால் என்ன நிகழ்கிறது?

முதலில் வெளி இலை சூடேறி, அதிலுள்ள நீர் கொதிக்கத் தொடங்குகிறது. நீர் இருக்கும் வரையில் அந்த இலையின் வெப்பநிலை 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். தணல் 700, 800 டிகிரியில் இருந்தாலும் அதனால் இலையை 100-க்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதே நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! கணக்குக்காக ஒரு கதிரின் தோலில் 60 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை முழுவதும் விரட்ட 60 × 610, அதாவது 36,600 கலோரியைத் தணல் செலவழித்தாக வேண்டும். வெளி இலை காய்ந்து கருகும். கருகிய இலை வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதற்கு உள்ளே இருக்கும் இலை அப்போதும் ஈரமாக, 100 டிகிரியில் இருக்கும். பிறகு அது காயும்; அதற்கடுத்தது நிற்கும். கோட்டையில் வெளிமதில் விழுந்த பிறகும் உள்மதில் நிற்பதைப் போல என்று சொல்லலாம்.

இது காக்கும் வேலை. வேகவைக்கும் வேலை வேறு விதமாக நடக்கிறது. உள் இலைகளிலிருந்து எழும் நீராவியில் ஒரு பகுதி வெளியே தப்பினாலும், இறுக மூடிய இலைகளுக்குள் மற்றொரு பகுதி சிறைப்படுகிறது. அது இன்னும் குளிர்ந்திருக்கும் மணிகளின்மேல் பட்டு மீண்டும் நீராகிறது. அப்படி நீராகும் ஒவ்வொரு கிராமும் தான் வாங்கிய 540 கலோரியை அந்த மணிகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. இட்லிக் கொப்பரையில் நடப்பதும் இதுவே. மக்காச்சோள மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டியே நீரை ஏற்று உப்பி வெந்துவிடும். 100 டிகிரி தாராளம். ஆகவே தோலோடு சுட்ட கதிரில் மணி வேகிறதே தவிர வறள்வதில்லை. கதிரின் நுனியில் புகைபோல வெண்மையாக வருவதைப் பார்த்து 'நீராவி வருகிறது' என்பீர்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து நுண்துளிகளான பிறகுதான் வெண்மையாகத் தெரிகிறது. தேர்வில் இதற்கு மதிப்பெண் போகிறது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. கதிரின் நுனியில் பட்டுநூல்போலத் தொங்கும் நார்களை உரித்தெடுப்பது பச்சையில் பெரும்பாடு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு நார் என்ற கணக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுட்ட பிறகு உரித்தால் பெரும்பாலானவை தோலோடு தாமே வந்துவிடும்.

தோலோடு சுடுவது புதுமையன்று. எங்கள் கடலூர் மாவட்டத்தில் நிலக்கடலை பறிக்கும் காலத்தில், பச்சைக்கடலையை ஓட்டோடு காய்ந்த சருகுத் தீயில் சுட்டு, வரப்பில் உட்கார்ந்து தின்பது வழக்கம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடுதான் சாம்பலில் புதைக்கிறோம். கத்தரிக்காயையும் முழுசாகத்தான் சுடுகிறோம். ஆனால் இதை எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளக்கூடாது. பண்ருட்டிப் பக்கத்து மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருப்பது நீரன்று, தோலைப் புண்ணாக்கும் எண்ணெய். தீயில் போட்டால் அது சீறிப் பற்றிக்கொள்ளும். அதன் புகையும் கெடுதி. உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தீயிடம் கொடுக்க வேண்டும்.

கதிரைச் சுடுமுன் தோலோடு அரைமணி நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். புதிய கதிருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. இலையிலேயே போதிய நீர் இருக்கும்போது மேலும் நீரை ஏற்றினால், அதைக் கொதிக்கவைக்கவும் தணல் செலவாகும், நேரமும் நீளும். சந்தையில் இரண்டு மூன்று நாள் கிடந்து தோல் வெளுத்துச் சருகான கதிராக இருந்தால் ஊறவைப்பதில் பொருள் உண்டு. ஆனால் அந்தக் கதிரை வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது. பறித்த பிறகும் கதிர் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. மணியிலுள்ள சர்க்கரை குறைந்து மாவுச்சத்து கூடிக்கொண்டே போகும். எவ்வளவு ஊறவைத்தாலும் போன இனிப்பு திரும்பாது.

அப்படியானால் தள்ளுவண்டிக்காரர் அறியாமல் செய்கிறாரா? இல்லை. அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அது வலுவான நியாயம். சுட்ட மணியின் பழுப்பு நிறமும் அந்த வாசனையும் மணியின் மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாக உண்டாகும். ஈரத் தோலுக்குள் 100 டிகிரியில் நிற்கும் மணிக்கு அந்த வாசனை வராது. நீர்தான் தடை. ஆகவே தடையை அவர் முதலிலேயே உரித்து எறிகிறார். அவருடைய விசிறியும் வெறும் பழக்கத்தால் ஆடுவதன்று. காற்று கூடினால் தணலின் வெப்பநிலை உயரும். ஸ்டீஃபான்–போல்ட்ஸ்மன் விதிப்படி கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தணல் 700 டிகிரியிலிருந்து 900 டிகிரிக்கு ஏறுவதாகக் கொள்ளுங்கள். கெல்வினில் அவை 973, 1173. விகிதத்தை எடுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள். இரண்டுக்குச் சற்று மேல் வரும். நான்கு வீச்சு வீசி அவர் கதிர்வீச்சை இரு மடங்காக்கிவிடுகிறார். கதிரைக் கதிரால் சுடுகிறார்!

ஆனால் அவர் சுட்டதில் வெளியே கருகலும், உள்ளே சில இடங்களில் வேகாத பச்சையும் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நின்றுகொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடத்தில் கொடுத்தாக வேண்டிய அவசரம் அவருக்கு. நமக்கு அந்த அவசரமில்லை. தோலோடு பதினைந்து, இருபது நிமிடம் சுட்டு வேகவைத்து, பிறகு உரித்து, ஓரிரு நிமிடம் மணிகளை நேரே தணலில் காட்டினால் இரண்டு பலனும் கிடைக்கும். நீர் வேண்டியபோது நீரை வைத்துக்கொள்கிறோம், வேண்டாதபோது நீக்கிவிடுகிறோம்.

நீர் வேண்டாத இடம் ஒன்றை நெய்வேலியில் இருப்பவன் சொல்லாமல் விட முடியாது. 1930-களில் இப்பகுதியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1962-இல் இங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. மற்றவை அதன் வேலையைத் தொடர்கின்றன. இங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்! ஒரு கிலோ கரியில் அரைக் கிலோ நீர் என்று வைத்து, சோளத்தோலுக்குப் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். 500 × 610, அதாவது 3,05,000 கலோரி. ஒரு கிலோ எரிந்து தரும் வெப்பம் சுமார் 26 லட்சம் கலோரி. அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தன்னிடமுள்ள நீரை விரட்டவே போய்விடுகிறது. அந்த ஆவி மணிகளின்மேல் படிந்து கடனைத் திருப்பித் தருவதில்லை. புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. இதனால்தான் உலையிலிருந்தே சூடான புகைவாயுவை இழுத்து, அரவை இயந்திரத்தில் கரியைக் காயவைத்தபடியே பொடியாக்கி எரிக்கிறார்கள். சோளத்தோலில் காவலாளியாக இருந்த 540 கலோரி, கரிக்குள் திருடனாகிவிடுகிறது. நீர் மாறவில்லை, எண் மாறவில்லை. நமக்கு எது வேண்டும் என்பதுதான் மாறியது.

என் மாணவர் ஒருவர், "இவ்வளவு பழுப்பு நிலக்கரி இருக்கிறதே ஐயா, ஒரு துண்டை எடுத்து அதிலேயே கதிர் சுட்டால் என்ன?" என்று கேட்டார். வேண்டாம். முதலில் அது நீரை விடும். அடுத்துத் தாரின் ஆவியும் புகையும் வரும். அதிலுள்ள சிறிதளவு கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகும். அத்தனையும் நீங்கள் தின்னும் கதிரில் படியும். விறகைச் சூளையில் வைத்துக் கரியாக்குவது எதற்காக? நீரையும் புகையாகும் பொருள்களையும் முன்கூட்டியே விரட்டத்தான். நெய்வேலியிலும் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கி, கரியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். லெக்கோ அடுப்பில் சமைத்த கதை அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த ஆலை இன்று இல்லை. அப்போதும்கூட அடுப்பின்மேல் பாத்திரம் இருந்தது. உணவு நேரே புகையில் கிடக்கவில்லை. ஆகவே நமக்கு மரக்கரிதான் சரி. அதையும் திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும். மூடிய அறையில் கரித்தணலை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்த செய்தி மலை ஊர்களிலிருந்து குளிர்காலத்தில் அவ்வப்போது வருகிறது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

இனி நீங்களே செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு கதிர்களை எடுத்து ஒன்றை உரித்தும், மற்றதைத் தோலோடும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தணலில் சுட்டு மீண்டும் நிறுங்கள். எடைக்குறைவில் பெரும்பகுதி ஆவியான நீரே. அதை 540-ஆல் பெருக்குங்கள். பின்பு தோலோடு சுட்டதை உரித்து, மணிகளின் எடை எவ்வளவு குறைந்தது என்பதையும் காண வழி யோசியுங்கள்; தோலின் இழப்பையும் மணியின் இழப்பையும் பிரிப்பதில்தான் இந்தச் சோதனையின் சாமர்த்தியம் இருக்கிறது. ஆய்வகத்துப் பாதரச வெப்பமானியை எடுத்துவந்து கதிருக்குள் மட்டும் செருகாதீர்கள். உடைந்தால் தின்பண்டம் நஞ்சாகும்.

தோல் நன்றாகக் கறுத்து, நுனியில் ஆவி வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்ட கதிரை இடுக்கியால் எடுங்கள். உடனே உரிக்க வேண்டாம். உள்ளே சிறைப்பட்ட நீராவி உங்கள் விரலில் பட்டால், மணிக்குக் கொடுத்த அதே 540 கலோரியை விரலுக்கும் கொடுக்கும்; கொதிநீர் சுடுவதைவிட அது மோசமாகச் சுடும். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, தடித்த துணியால் பிடித்து, நுனி முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, தோலை ஒவ்வோர் இலையாக அடிப்பக்கம் நோக்கி இறக்குங்கள். இறக்கிய தோலைப் பிய்த்து எறியாமல் விட்டால் அதுவே கைப்பிடி. மறுபடி தணலில் காட்டும்போது கை சுடாது. உப்பும் எலுமிச்சையும் தயாராக இருக்கட்டும்.