ஆபீஸும் ஆசனமும்

2025-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி முதல் காரியாலயச் சிப்பந்திகள் வாரம் ஐந்து நாளும் நேரில் வரவேண்டுமென்று அமெரிக்காவின் அமேஜான் கம்பெனியார் 2024 செப்டம்பரில் உத்தரவிட்டார்கள். பின்னர் டல்லாஸ், ஆஸ்டின் முதலிய நகரங்களில் இடம் தயாராகாமையால், அங்கே தவணை கொடுக்க நேர்ந்தது. விருந்துக்கு அழைத்துவிட்டு இலைக்கு ஓடுவதை என்னவென்பது!

சில நாள் வீட்டிலும் சில நாள் ஆபீஸிலும் வேலை செய்யும் ஏற்பாட்டில் நாம் குறை காணவில்லை. நடத்தும் முறையிலேதான் கோளாறு. நாளை அவரவர் இஷ்டத்திற்கு விட்டால் வாரத்தின் நடுவில் நெருக்கடியும் வெள்ளியன்று சூனியமுமே பலன். நூறு பேருக்குச் சராசரியாக அறுபது மேஜை போதுமென்று கணக்கிட்ட முதலாளி, புதனன்று எண்பது பேர் வந்து நிற்கக் கண்டு திகைப்பார். இதைவிடப் பரிதாபம் ஒன்றுண்டு. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்தவர், தம் குழுவினர் அனைவரும் அன்று வீட்டிலிருப்பதை அறிந்து, அவர்களுடன் கம்ப்யூட்டர் திரையிலேயே பேசுகிறார். இதற்கு அவர் வருவானேன்?

ஒரே வேலையில் ஈடுபட்ட குழுவினரை ஒரே நாளில் அழைத்து, குழுக்களை வெவ்வேறு நாட்களுக்குப் பங்கிடுவது அசாத்தியமன்று. நாளைக் குறிப்பதில் சிப்பந்திகளையும் கலந்துகொள்வது அவசியம். வராதவரைத் தண்டிக்க வருகைப் பட்டியலைப் புரட்டும் நிர்வாகிகள், அதே பட்டியலைக் கொண்டு முதலில் நாற்காலிகளை எண்ணட்டும்.